கணக்கேடு யார் கையில்?

"கணக்கு நம் கைக்கு வராத கலை. அது வேறு கூட்டத்தாரின் கைச்சரக்கு!"

வாலாஜாபாத்தில், தறி ஓடும் வீடு ஒன்றின் திண்ணையில் நாம் கேட்ட சொல் இது. சொன்னவர் முதியவர், அறுபது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்தவர். அவருடைய பேத்தி எம்மிடம் பயின்றவள். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்து நன்முறையில் தேறியிருக்கிறாள். கல்லூரியிலும் அதையே கற்று, பட்டயக் கணக்கர் தேர்வும் எழுதிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். வீட்டாருக்கு அதில் விருப்பமில்லை. பேசிப் பார்க்கலாம் என்று நாம் சென்றிருந்தோம்.

முதியவர் பொல்லாதவர் அல்லர். பேத்தியின்பால் அன்பு மிக்கவர். ஆயினும் அவர் நெஞ்சில் ஒரு முடிவு ஊறிக் கிடந்தது. உழுபவன் உழவேண்டும், நெய்பவன் நெய்யவேண்டும், கணக்கு எழுதுபவன் எழுதவேண்டும் என்பதே அந்த முடிவு. அதைச் சொல்லிக்கொண்டே அவர் மாடத்திலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். முதலாளி கொடுத்த பட்டு, ஜரிகை, முன்பணம், கூலி, பிடித்தம் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஏடுகள் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றையேனும் அவர் படித்துப் பார்த்ததில்லை. "அவர்கள் எழுதுவார்கள், நாங்கள் கைநாட்டு வைப்போம்" என்றார்.

பாவில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடும் விரல்கள்! கரைக்கு இத்தனை, உடலுக்கு இத்தனை என்று எழுதாமலே எண்ணி வைக்கும் மூளை! அந்த மூளைக்கா கணக்கு வராது? வராது என்று அவரை நம்ப வைத்தது யார்? எப்போது? எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள மண்ணே விடை சொல்லும். கேட்போம், வாருங்கள் தோழர்களே!

பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அங்கு வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படிக்காதவர் இலர். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் இட்டுக் குலுக்கல், சிறுவன் கையால் எடுத்தல் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அக்கல்வெட்டின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. அது கணக்கைப் பற்றிய பகுதி.

வாரியத்தில் இருந்து பணியாற்றி, கணக்குக் காட்டாமல் போனவன் மறுமுறை வாரியத்துக்கு வரக்கூடாது என்கிறது அந்தக் கல். அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன், சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவுமுறை சொல்லி, அத்தனை பேருக்கும் தடை போடுகிறது. கணக்கு எழுதுபவனுக்கும் கட்டளை உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவனே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். எழுதிய காலத்துக் கணக்கை அவனே கொண்டுவந்து ஒப்புவிக்க வேண்டும். வேறொரு கணக்கன் வந்து அதை முடித்துவைக்கக் கூடாது. தூயவன் என்று பெரியோர் தீர்ப்பளித்த பின்னரே அவன் மீண்டும் அப்பதவிக்கு வரலாம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இப்படி ஒரு தணிக்கை விதி! எழுதுகிறவன் வேறு, கேட்கிறவன் வேறு என்ற தெளிவு! இத்தாலிய நாட்டு லூக்கா பசியோலி, வெனிசு வணிகரின் இரட்டைப் பதிவு முறையை நூலில் விளக்கி அச்சிட்டது 1494ஆம் ஆண்டில்தான். அதற்கு ஐந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக முந்தியது இந்தக் கல். இரட்டைப் பதிவு கணக்கு எழுதும் முறை. உத்திரமேரூர் விதியோ கணக்குக் கேட்கும் முறை. இரண்டும் வெவ்வேறு. ஆயினும் கணக்குக் கேட்கும் அறிவு நம் மண்ணுக்குப் புதிதன்று என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லலாம்.

நிமிர்ந்த நெஞ்சோடு மேலும் சில வரிகளைப் படியுங்கள். வாரியத்துக்கு வரத் தகுதி யாது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையே. வேதம் அறிந்திருத்தலும் வேண்டும். நிலம் குறைந்தால்? அரைக்கால் வேலி போதும், வேதக் கல்வி கூடுதலாக இருக்குமானால்! அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். ஏரியில் மண் சுமந்தவனுக்கும், அந்த நீரில் நெல் விளைத்தவனுக்கும், ஊரார் உடுத்த ஆடை நெய்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஏரி வாரியக் கணக்கைக் கேட்கும் உரிமை, ஏரியை வெட்டியவனுக்கு இல்லை!

விதி நல்ல விதி. வாயில்தான் குறுகிய வாயில். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தால்தான் வரலாறு விளங்கும். விதியை மட்டும் பார்ப்பவன் பழம்பெருமை பேசி உறங்குவான். வாயிலை மட்டும் பார்ப்பவன் நல்லதையும் சேர்த்து எறிந்துவிடுவான். நமக்கு விதி வேண்டும். வாயில் அகல வேண்டும்.

உத்திரமேரூருக்குப் பிறகு நூற்றாண்டுகள் பல உருண்டன. ஊர்க்கணக்கு, பரம்பரைக் கணக்குப்பிள்ளையின் ஓலைக்கட்டில் அடங்கியது. அந்தக் கணக்கு எளிதன்று. ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கி ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர் நம் முன்னோர். எண்பதில் ஒன்று காணி. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைக் கூவிக் கூவி மனப்பாடம் செய்த சிறுவன், காணியையும் முந்திரியையும் பெருக்கிச் சொல்வான். காரிநாயனாரின் கணக்கதிகாரம், நிலம் அளத்தல், நெல் அளத்தல், பொன் நிறுத்தல் ஆகியவற்றுக்கு வழி சொன்னது. இவ்வளவு நுண்ணிய பின்னங்கள் எதற்கு? களத்தில் குவிந்த நெல்லை, அரசுக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவு, காணியாளனுக்கு இவ்வளவு, ஊர்த்தொழிலாளருக்கு இவ்வளவு என்று கூறுபோடத்தான்.

நெல்லைக் குவித்தவன் களத்து ஓரத்தில் நின்றான். கூறுபோட்ட எழுத்தாணி அவன் கையில் இல்லை. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை; பெண்பிள்ளைகளுக்கோ அரிதினும் அரிது. கணக்கு அவர்களுக்கு வரவில்லை என்பது பொய். கணக்கின் பக்கம் அவர்களை வரவிடவில்லை என்பதே மெய்!

ஓலைக்கட்டின் வலிமையை வெள்ளையர் விரைவில் உணர்ந்தனர். 1763ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நம் வாலாஜாபாத் வட்டாரமும் அதில் அடங்கியதே. 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அச்சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். எங்கிருந்து திரட்டினார்? ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளிலிருந்து! பீரங்கி வைத்துப் பிடித்த நாட்டை, ஓலை படித்தல்லவா ஆளத் தொடங்கினார்கள்!

நாட்டைக் கொடுத்த நவாபின் கதை என்ன? அதை நாம் அறிந்தே தீரவேண்டும். ஏனெனில் நம் ஊரின் பெயரே அவர் பெயர். வாலாஜா என்பது முகமது அலியின் பட்டம். நாள்தோறும் நாம் பேருந்துப் பலகையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் எழுதும் இந்தப் பெயர், கணக்குக் கேட்கப்படாததால் கவிழ்ந்த ஓர் அரசின் நினைவுச் சின்னம்.

முகமது அலி கடன் வாங்கினார். போருக்கு வாங்கினார், ஆடம்பரத்துக்கு வாங்கினார், பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதிய கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? கம்பெனியின் ஊழியர்களே! கொடுத்த பணத்துக்கு ஈடாக, சீமை சீமையாக நிலவரியை எழுதி வாங்கிக்கொண்டனர். பால் பென்பீல்டு என்பவர் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு ஊதியம் பெற்ற ஊழியர். 1776ஆம் ஆண்டில் அவர் கேட்ட கடன் தொகை 2,34,000 பவுண்டு! எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம் என்று கேட்டிருக்க வேண்டாமா? அவர் கோரிக்கைக்கு இடங்கொடாத சென்னை ஆளுநர் பிகட்டை, அவ்வாண்டு ஆகஸ்டில் அவருடைய ஆலோசனை சபையினரே சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு காவலிலேயே அவர் மாண்டார். ஆளுநரையே கவிழ்க்கும் ஆற்றல் கொண்டிருந்தன அந்தக் கடன் பத்திரங்கள்.

1785 பிப்ரவரியில், எட்மண்டு பர்க், இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கிழித்துக் காட்டினார். தக்க விசாரணையின்றி இவற்றைத் தீர்ப்பது கருநாடக மக்களைக் கொள்ளையிடுவதாகும் என்பது அவர் வாதம். செவிசாய்க்கவில்லை சபை. 1801ஆம் ஆண்டில் நவாபின் ஆட்சி கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னும், எங்களுக்கு நவாபு தரவேண்டும் என்று மூன்று கோடி பவுண்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. பல்லாண்டுகள் ஆராய்ந்த குழு, அவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட மெய்யென ஏற்கவில்லை!

எண்ணிப் பாருங்கள். தணிக்கை என்ற விளக்கை ஏற்றியதும் பத்தில் ஒன்பதுக்கு மேல் இருளோடு இருளாக மறைந்துவிட்டது. அந்த விளக்கு முப்பது ஆண்டு முன்னர் ஏற்றப்பட்டிருந்தால்? நவாபின் அவையில் கணக்கு எழுதுவோர் இல்லாமல் இல்லை. எழுத ஆள் இருந்தது. கேட்க ஆள் இல்லை. பத்திரங்களில் ஒப்பமிட்டவர் நவாபு. அவற்றுக்கு வட்டி கட்டியவர்களோ, பத்திரத்தைக் கண்ணாலும் காணாத குடியானவர்கள். நம் முதியவர் மாடத்தில் வைத்திருக்கும் குறிப்பேட்டுக்கும், நவாபின் கடன் பத்திரத்துக்கும் தொகையில்தான் வேறுபாடு. படிக்காமல் கைநாட்டு வைக்கும் வழக்கம் இரண்டுக்கும் பொது.

சரி, கணக்கு தொழிற்கல்வியாக வளர்ந்த கதையைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், கணக்கர் சங்கம் 1854ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்கர் என்ற பெயர் அங்குப் பிறந்தது. நம் நாட்டில், பச்சையப்பர் அறக்கட்டளையினர் 1886ஆம் ஆண்டில் சென்னையில் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1913ஆம் ஆண்டில் பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் வந்த கம்பெனிச் சட்டம், கம்பெனிக் கணக்குகளைத் தகுதி பெற்ற தணிக்கையாளரே ஆராய வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. 1918இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வு ஏற்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின் பட்டயக் கணக்கர் சட்டம் வந்தது. 1949 ஜூலை முதல் நாளன்று இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் தோன்றியது.

ஆண்டுகளை அடுக்கிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு வாயிலிலும் நின்ற காவலனைப் பற்றிச் சொல்லவில்லையே! வணிகப் பள்ளி தந்த பச்சையப்பர் அறக்கட்டளையின் கல்லூரி, ஆதிதிராவிடருக்கு 1920களின் பிற்பகுதி வரையில் கதவு திறக்கவில்லை. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற பெண்மணி, பல்லாண்டுகள் கணக்கர் தொழில் நடத்தியும், பெண் என்ற ஒரே காரணத்தால் புறந்தள்ளப்பட்டார். பெண்களுக்கான தடையை அகற்றிய சட்டம் 1919இல் வந்த பின்னரே, 1920இல் அவர் பட்டயக் கணக்கராக ஏற்கப்பட்டார். அமெரிக்காவில் ஜான் குரோம்வெல் என்ற கறுப்பர், 1921ஆம் ஆண்டில் தம் இனத்தில் முதல்வராக அந்நாட்டுக் கணக்கர் சான்று பெற்றார். வாழ்ந்த வாஷிங்டன் நகரில் வழியில்லை. நியூ ஹாம்ஷயர் என்ற தொலைவான மாநிலத்துக்குப் போய்த்தான் பெற முடிந்தது. அங்கே தோலின் நிறம், இங்கே பிறந்த குலம், எங்கும் பெண் பிறப்பு! கணக்குப் புத்தகத்துக்கு நிறமும் இல்லை, குலமும் இல்லை. அதைக் காத்து நின்றவர்களுக்குத்தான் இருந்தது.

அந்தக் காவலை உடைத்தவர்களில் ஒருவர் நம் தமிழகத்துப் பெண்மணி, ஆர். சிவபோகம். 1907இல் பிறந்தவர், சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். வெளிவந்து கணக்கியல் பட்டயத் தேர்வு எழுதி 1933இல் வென்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் என்ற பெயர் பெற்றார். வென்றதும் வாயிலில் வந்து நின்றது ஒரு விதி. சிறை சென்றவர் கணக்கராகப் பதிவு பெற முடியாதாம்! அவர் அழுதுகொண்டு வீடு திரும்பவில்லை. வழக்குத் தொடுத்தார், வென்றார், 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கதராடை உடுத்தி, பிறர் கணக்கைத் தணிக்கை செய்த அந்தப் பெண்மணி, 1955 முதல் 1958 வரை, நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைமை தாங்கினார். 1966இல் மறைந்தார். "பெண்ணுக்கு எதற்கு ஐந்தொகையும் பேரேடும்?" என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு வாழ்க்கையை எடுத்து வையுங்கள், போதும்.

பட்டம் பெற்றவர்கள் மட்டுமா கணக்கைக் கையில் எடுத்தார்கள்? நம் அண்டை நகரான காஞ்சிபுரத்தைப் பாருங்கள். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது, காஞ்சிபுரத்தில்! வட்டிக்கடைக்காரரின் ஏட்டில் பெயராகக் கிடந்தவர்கள், தம் பெயரில் தாமே ஏடு திறந்தனர். 1912ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம், ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிவாளரால் தணிக்கை செய்யப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்று காஞ்சிபுரத்திலும், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை வட்டாரத்திலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்றால் புதுமையன்று. ஆனால் அச்சங்கங்களின் பொதுக்குழுவில் வரவு செலவு படிக்கப்படும்போது, உறுப்பினர்களில் எத்தனை பேர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறோம்? கை உயர்த்தி ஒப்புதல் தருவதும் கைநாட்டுத்தானே!

நகரத்தில் இப்படி என்றால், சிற்றூரில் கர்ணத்தின் ஆட்சி அசையாமல் இருந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம், அந்தப் பதவியைப் பிறப்புரிமை ஆக்கியது. பதவிக்குரியவன் இறந்தால் அடுத்த வாரிசுக்குப் பதவி. வாரிசு சிறுவனாயிருந்தால்? சிறுவன் பெயரே பதிவாகும். அவன் வயதுக்கு வரும் வரை வேறொருவர் பதிலாளாக வேலை பார்ப்பார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஊர்க்கணக்கு! நிலம் யார் பெயரில், பயிர் என்ன, வரி எவ்வளவு என்று எழுதும் அதிகாரம், தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிட்டது!

இந்தச் சட்டத்தின் மீது விழுந்த முதற் பேரடி, 1960ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு. குண்டூர் மாவட்டத்தில் ஒரு மணியக்காரர் பதவியை, பழைய குடும்பத்தின் வாரிசு என்பதற்காகக் கொடுத்ததை எதிர்த்து, கஜுல தசரதராம ராவ் என்பவர் வழக்குத் தொடுத்தார். பிறப்பைக் காட்டிப் பதவி தருவது அரசியற்சட்டத்தின் சமவாய்ப்பு உரிமைக்கு முரண் என்று தீர்ப்பாயிற்று. தமிழகத்தில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1968ஆம் ஆண்டில், அந்தப் பரம்பரைச் சட்டமே நீக்கப்பட்டது. 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு, கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அந்த இடத்தில் வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். தேர்வாணையத் தேர்வு எழுதி வருபவர். யாருடைய மகன், யாருடைய மகள் என்று அந்த விடைத்தாள் கேட்பதில்லை.

இதுதான், தோழர்களே, "கணக்கு நமக்கு வராது" என்ற சொல்லின் வரலாறு. கோயிற் சுவரில் தகுதி என்று எழுதிவைத்தார்கள்; திண்ணையில் இடம் மறுத்தார்கள்; சட்டத்தில் வாரிசுரிமை என்று பதித்தார்கள். நூற்றாண்டுகள் கழிந்தபின், வரவிடாமல் செய்யப்பட்டவனே "எனக்கு வராது" என்று தன் வாயால் சொல்லத் தொடங்கிவிட்டான். அடிமைத்தனத்தின் உச்சம் அதுதான். விலங்கை உடம்பின் உறுப்பென்று எண்ணிவிடுவது!

இன்று வாயில் திறந்திருக்கிறது. காஞ்சிபுரத்தில், 1947இல் தொடங்கிய பச்சையப்பன் ஆடவர் கல்லூரி உட்படப் பல கல்லூரிகள் உள்ளன. வாலாஜாபாத்திலிருந்து பேருந்திலும் தொடர்வண்டியிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கல்லூரிக்குச் செல்கின்றனர். பட்டயக் கணக்கர் ஆக மூன்று படிகள்: அடிநிலை, இடைநிலை, இறுதிநிலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அடிநிலைத் தேர்வு எழுதி ஏறலாம். வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தால் நேரே இடைநிலைக்குப் போகலாம். இடையில், தொழில் நடத்தும் தணிக்கையாளரிடம் பயிற்சி பெற வேண்டும். 2023ஆம் ஆண்டின் புதிய முறைப்படி அது இரண்டு ஆண்டு. ஒரு காலத்தில், பயிற்சிக்குச் சேரும் மாணவன் தணிக்கையாளருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைதானே அப்போது சேர முடியும்! இன்று தணிக்கையாளர்தாம் மாணவருக்கு உதவித்தொகை தரவேண்டும். இந்த வழி வேண்டாம் என்பவர்க்கு, அடக்கவிலைக் கணக்கர் தேர்வு உண்டு. அரசுக் கருவூலம், உள்ளாட்சித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை ஆகிய துறைகளுக்குத் தேர்வாணையத் தேர்வும் உண்டு.

எளிது என்று சொல்லி ஏமாற்ற மாட்டோம். தேர்வு கடினம். எழுதுவோரில் பலர் ஒருமுறைக்கு மேல் தோற்றே தேறுகின்றனர். நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஆங்கிலம் ஒரு மலை, பயிற்சிக் கட்டணம் ஒரு மலை, "இன்னும் எத்தனை ஆண்டு?" என்று கேட்கும் உறவினர் கூட்டம் மூன்றாவது மலை. தோல்வியை ஒருவரின் குலத்தோடு முடிச்சுப் போடும் நாக்குகளும் இல்லாமல் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை தோற்றால் "தேர்வு கடினம்" என்பார்கள். நெசவாளி மகள் தோற்றால் "அப்போதே சொன்னேனே" என்பார்கள். அந்த நாக்குக்கு அஞ்சி நின்றுவிட்டால், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தை நாமே மறுபடியும் இயற்றியதாகும்.

கணினி வந்துவிட்டதே, கணக்கருக்கு இனி என்ன வேலை என்றும் சிலர் கேட்கின்றனர். கூட்டலும் கழித்தலும் கணினி செய்யும். பேரேட்டையும் அதுவே எழுதிவிடும். ஆனால் எழுதப்பட்ட செலவு மெய்ச் செலவா, காட்டப்பட்ட கடன் மெய்க் கடனா என்று கேட்டு நிற்கும் பொறுப்பு மனிதனுடையது. பென்பீல்டின் பத்திரங்களில் கூட்டல் பிழை இருந்தது என்று எவரும் சொல்லவில்லை!

வேலைக்காக மட்டும் இதைக் கற்கச் சொல்லவில்லை நாம். நல்ல ஊதியம் வரட்டும். வீட்டுக் கடன் தீரட்டும். தறிக்குழியில் வளைந்த முதுகுகள் நிமிரட்டும். அதற்கு மேலும் ஒரு கடமை உண்டு. கிராம சபையில் ஊராட்சியின் தணிக்கை அறிக்கை வைக்கப்பட வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அரசு அலுவலக ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையை 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. உத்திரமேரூரில் நிலமும் வேதமும் உடையவர்க்கு மட்டுமே இருந்த உரிமை, இன்று வாக்காளர் அனைவருக்கும் உண்டு. ஆனால் படிக்கத் தெரியாதவன் கையில் அறிக்கையைக் கொடுத்தால் என்ன பயன்? ஊருக்கு ஒருவரேனும் வரவு எது, செலவு எது, மறைப்பு எது என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா? கல்லூரியில் வணிகவியல் கற்கும் ஒவ்வோர் இளைஞரும், மாதத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தம் தெருவுக்குக் கொடுக்கலாம். சங்கத்தின் ஆண்டறிக்கையை, மகளிர் குழுவின் பதிவேட்டை, கடன் ஒப்பந்தத்தை, நகை அடகுச் சீட்டை உரக்கப் படித்து விளக்கலாம். எந்த மேடைப் பேச்சுக்கும் குறையாத தொண்டு அது.

அன்று அந்தத் திண்ணையில் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. முதியவரிடம் வரலாறு பேசி வெல்ல விரும்பவில்லை. பேத்தியைப் பார்த்து, "அந்தக் குறிப்பேட்டைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டம்மா" என்றோம்; அவ்வளவுதான்.

அவள் விளக்கடியில் அமர்ந்து படித்தாள். தேதி, பட்டின் எடை, ஜரிகை, முன்பணம், கூலி, பிடித்தம் என்று வரி வரியாகப் படித்தாள். முதியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"நில்லு. ஐப்பசியில் இரண்டு சேலை கொடுத்தேன். ஒன்றுதானே படித்தாய்?"

அவள் மீண்டும் பார்த்தாள். "ஒன்றுதான் தாத்தா எழுதியிருக்கிறது."

எழுதியவரின் மறதியோ, வேறெதுவோ, நாம் அறியோம். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அந்த ஏட்டை வாங்கி, மாடத்தில் வைக்காமல், பேத்தியின் மடியிலேயே வைத்தார்.

"மற்றதையும் படி" என்றார்.